கினிப்பன்றியின் கண்ணில் பீளை: கண்ணிலிருந்து தீவனத் தட்டு வரை முழுமையான வழிகாட்டி

கினிப்பன்றியின் கண்ணோரம் ஈரமாக எதையோ பார்த்தவுடன் சொட்டு மருந்தைத் தேடிப் போகிறோம். சில கசிவுக்கு மருந்தே தேவைப்படாது. வேறு சில கசிவுக்குக் கண்ணில் எத்தனை நாள் மருந்து விட்டாலும் குறையாது. ஏனென்றால் கோளாறு கடைவாய்ப்பல்லின் வேரிலோ, வைட்டமின் சி போதாத சாப்பாட்டிலோ, மூத்திரம் ஊறிய விரிப்பிலோ இருக்கும். அதனால் இந்த வழிகாட்டி கண்ணில் தொடங்கி வாய்க்கும் எடைக்கும் போய்த் தீவனத் தட்டில் நிற்கிறது. பீளை தள்ளும் கினிப்பன்றியை நீங்களும் இதே வரிசையில்தான் பார்க்க வேண்டும்.

பால் போன்ற கசிவு நோயல்ல

ஆரோக்கியமான கினிப்பன்றி ஒரு நாளில் பல முறை முகம் கழுவும். பின்னங்கால்களில் உட்கார்ந்து நிமிரும். ஒரு நொடியில் கண் முழுவதும் பால் ஊற்றியதுபோல் வெளுக்கும். உடனே முன்னங்கால் இரண்டையும் கண்ணுக்குக் கொண்டுபோய், அந்தத் திரவத்தைத் தொட்டு மூக்கு வரை வழித்துத் துடைக்கும். சில நொடிகளில் கண் பழையபடி கருப்பாக, பளபளவென்று தெரியும். முதன்முறை பார்ப்பவருக்குக் கண்ணே போய்விட்டதோ என்று பதறும். பதற வேண்டாம். இரண்டு கண்ணிலும் வந்து, ஒரு நிமிடத்துக்குள் மறைந்து, முடியில் பிசுக்கு எதுவும் ஒட்டாமல் போனால் அது இயல்பான கசிவு. காலையில் கண் மூலையில் கடுகளவு காய்ந்த துணுக்கு இருப்பதும் அப்படித்தான்.

கவலைப்பட வேண்டிய கசிவு அங்கேயே தங்கும். இமையோரத்து முடி நனைந்து குச்சி குச்சியாக ஒட்டியிருக்கும், கண் பாதி மூடியிருக்கும், மஞ்சளாகவோ பச்சையாகவோ சளி போல் திரளும், அல்லது இமையின் விளிம்பில் பொடுகு போல் செதில் படியும்.

பத்து நிமிடச் சோதனை

கையில் எடுப்பதற்கு முன் கூண்டுக்குள் இருக்கும்போதே இரண்டு நிமிடம் கவனியுங்கள். பிடித்தபின் பயத்தில் எல்லாக் கினிப்பன்றியும் ஒரே மாதிரி உறைந்துவிடும். நொண்டுகிறதா, மூலையில் முடியைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதா என்பது கூண்டில்தான் தெரியும்.

1. ஒரு கண்ணா, இரண்டு கண்ணா என்று பாருங்கள். ஒரு கண் மட்டும் என்றால் குத்திய புல், கார்னியாவில் (கண்ணின் முன்பக்கத்துத் தெளிந்த படலம்) காயம், அந்தப் பக்கத்துப் பல் வேர் ஆகியவை முதல் சந்தேகம். இரண்டும் என்றால் தொற்று, தூசி, மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா நெடி, வைட்டமின் சி குறைவு. இது முதல் ஊகத்துக்குத்தான் உதவும். தொற்றும் ஒரு கண்ணில் தொடங்கலாம்.

2. டார்ச்சை நேர் எதிரே பிடிக்காமல் பக்கவாட்டிலிருந்து காட்டுங்கள். கண்ணின் மேற்பரப்பில் நீலம் கலந்த சாம்பல் மூட்டமோ, சிறு பள்ளமோ, பளபளப்பில்லாத ஒரு புள்ளியோ தெரிந்தால் கார்னியாவில் புண் இருக்கலாம். இதில் ஏமாந்துவிடக் கூடாது. கினிப்பன்றி மிகக் குறைவாகவே கண் சிமிட்டும், கார்னியாவில் உணர்ச்சியும் குறைவு. மனிதருக்கு உயிர் போகிற வலி தரும் புண்ணோடு அது அமைதியாக உட்கார்ந்திருக்கும்.

3. இரண்டு கண்ணையும் மேலிருந்து ஒப்பிடுங்கள். ஒன்று மற்றதைவிட வெளியே தள்ளியிருந்தால் கண்ணுக்குப் பின்னால் ஏதோ அழுத்துகிறது. பெரும்பாலும் சீழ்க்கட்டி அல்லது பல் வேர்.

4. மூக்குத் துவாரங்களையும் முன்னங்கால்களின் உட்புறத்தையும் பாருங்கள். சளியைக் காலால் துடைப்பதால் அங்கே முடி விறைத்து ஒட்டியிருக்கும். காதருகே தூக்கிப் பிடித்து மூச்சைக் கேளுங்கள். கரகரப்போ, 'கிளிக்' என்ற சத்தமோ கேட்கக் கூடாது.

5. கீழ்த்தாடையின் விளிம்பையும் கன்னங்களையும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் விரலால் வருடுங்கள். ஒரு பக்கம் மட்டும் கரடுமுரடாக, முடிச்சு முடிச்சாக இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். தாடைக்குக் கீழே முடி ஈரமாக இருந்தால் எச்சில் வடிகிறது என்று அர்த்தம்.

6. பின்னங்கால் முட்டியை மெதுவாக மடக்கி நீட்டுங்கள். வீக்கமும் தொட்டதும் கீச்சிடுவதும் வைட்டமின் சி குறைவின் அறிகுறி.

7. சமையலறைத் தராசில் எடை பாருங்கள். கிராம் கணக்கில் காட்டும் தராசாக இருக்க வேண்டும். வளர்ந்த கினிப்பன்றி 700 முதல் 1,200 கிராம் வரை இருக்கும். முந்தைய வாரத்தைவிட 50 கிராம் குறைந்திருந்தால் கவனிக்க வேண்டிய செய்தி; 100 கிராம் குறைந்திருந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

8. புழுக்கையைப் பாருங்கள். அளவில் சிறுத்து, கண்ணீர்த்துளி வடிவில் கூராகி, எண்ணிக்கையும் குறைந்திருந்தால் அது போதிய அளவு சாப்பிடவில்லை.

எப்போது காத்திருக்கவே கூடாது

12 மணி நேரமாக எதையும் சாப்பிடவில்லை என்றால், கண் மூட்டமாகவோ வெளியே தள்ளியோ இருந்தால், மூச்சு விடச் சிரமப்பட்டால் வீட்டு வைத்தியத்தில் நேரம் போக்காதீர்கள். கினிப்பன்றியின் குடல் ஓயாமல் நார்ச்சத்து வந்துகொண்டிருந்தால்தான் இயங்கும். வாய் நின்றால் குடலும் நிற்கும், வாயு சேரும், ஒன்றிரண்டு நாளில் உயிருக்கே ஆபத்தாகும். கண்நோயால் வலியில் சாப்பாட்டை நிறுத்திய விலங்கு கண்ணால் சாவதைவிடக் குடலால் சாவதற்கே வாய்ப்பு அதிகம்.

வைட்டமின் சி: கண்ணும் தீவனமும் சந்திக்கும் இடம்

நாயும் பூனையும் தமக்கு வேண்டிய வைட்டமின் சி-யைக் கல்லீரலிலேயே தயாரித்துக்கொள்ளும். கினிப்பன்றியாலும் மனிதராலும் அது முடியாது. அதற்கான கடைசிக் கட்ட நொதி நம் இரு இனத்துக்கும் வேலை செய்வதில்லை. 1907-ல் நார்வேயில் ஆக்ஸல் ஹோல்ஸ்டும் தியோடர் ஃப்ரோலிச்சும் கினிப்பன்றிகளுக்குத் தானியத்தை மட்டும் கொடுத்து வேறொரு நோயை ஆராய முயன்றபோது அவற்றுக்கு ஸ்கர்வி, அதாவது வைட்டமின் சி குறைவால் வரும் நோய், வந்தது. மனித நோய் என்று கருதப்பட்ட ஸ்கர்வியை ஆராய வழி திறந்தது அப்படித்தான். தானியத்தை மட்டும் தின்ற அந்தக் கினிப்பன்றிகளின் நிலை, பெல்லட்டையும் (கடையில் விற்கும் குச்சித் தீவனம்) வெள்ளரித் துண்டையும் மட்டும் நம்பி வளர்க்கப்படும் வீட்டுக் கினிப்பன்றிக்கு இன்றும் வரலாம்.

உடலில் சேமிப்பு மிகக் கொஞ்சம். வரத்து நின்ற இரண்டு மூன்று வாரத்தில் அறிகுறிகள் தொடங்கும். திசுக்களைத் தாங்கும் புரதமான கொலாஜன் சரியாக உருவாகாமல் ஈறும் மூட்டும் இரத்தக்குழாய்ச் சுவர்களும் பலவீனமாகும். முடி சொரசொரப்பாகும். இமையோரம் செதில் படியும், கண்ணிலும் மூக்கிலும் கசிவு வரும். பல்லைத் தாங்கும் திசு தளர்வதால் மெல்ல வலிக்கும். எதிர்ப்புச் சக்தி குறைவதால் கண்ணில் தொற்றும் எளிதாகப் பிடிக்கும். அந்தத் தொற்றை மட்டும் மருந்தால் அடக்கினால் மாதம் ஒருமுறை திரும்பி வந்துகொண்டே இருக்கும்.

தேவை இவ்வளவுதான்: ஆரோக்கியமான வளர்ந்த விலங்குக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மி.கி.; சினையாக இருந்தாலோ, வளரும் குட்டியானாலோ, நோயுற்றிருந்தாலோ 30 முதல் 50 மி.கி.

இதைக் காய்கறியிலிருந்தே கொடுத்துவிடலாம். 100 கிராம் சிவப்புக் குடைமிளகாயில் சுமார் 125 மி.கி., பச்சைக் குடைமிளகாயில் 80, புரோக்கோலியில் 90, கொத்தமல்லித் தழையில் 27 மி.கி. இருக்கிறது. கேரட்டில் 6-தான். ரோமெய்ன் லெட்யூஸில் 4, வெள்ளரியில் 3. கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 50 கிராம் வெள்ளரியும் 40 கிராம் லெட்யூஸும் சேர்த்துத் தட்டு நிறைய வைத்தாலும் கிடைப்பது 3 மி.கி. சொச்சம். அதே தட்டில் தீப்பெட்டி அளவுக்கு, 15 முதல் 20 கிராம் சிவப்புக் குடைமிளகாய் வைத்தால் 19 முதல் 25 மி.கி. கிடைத்துவிடும். தினமும் பச்சையாக நிறையத் தின்கிறதே, இதற்கு எப்படிக் குறைபாடு வரும் என்று கேட்பவர்களுக்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது.

நறுக்கி வைத்தால் வைட்டமின் சி குறைந்துகொண்டே போகும். கொடுக்கும் நேரத்தில் நறுக்குங்கள். வேகவைக்கவே கூடாது. பெல்லட்டில் சேர்த்த வைட்டமினும் வெப்பத்திலும் ஈரத்திலும் வெளிச்சத்திலும் சிதையும். தயாரித்து மூன்று மாதம் ஆன பெல்லட்டை அதற்காக நம்ப முடியாது. பெரிய மூட்டை மலிவு என்று வாங்கி ஆறு மாதம் வைத்திருப்பதால் உங்கள் விலங்குக்கு லாபமில்லை.

தண்ணீரில் கலக்கும் சொட்டு மருந்து வேண்டாம். புட்டியில் ஊற்றியபின் வீரியம் வேகமாகக் குறையும். சுவை மாறுவதால் தண்ணீர் குடிப்பதும் குறையும். காய்கறியால் முடியாத நாட்களில் வேறு வைட்டமின் எதுவும் சேராத வைட்டமின் சி-யை 1 மி.லி. சிரிஞ்சில் நேராக வாயில் கொடுங்கள். பல வைட்டமின்கள் கலந்த டானிக்கில் ஏ-யும் டி-யும் உடலில் தேங்கி நஞ்சாகலாம்.

பல் வளர்ந்து கண்ணைத் தொடும்போது

கினிப்பன்றிக்கு 20 பற்கள். அத்தனையும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். அவற்றைத் தேய்த்து அளவில் வைப்பது பக்கவாட்டில் அரைத்து அரைத்து மெல்லும் உலர்புல்தான். பெல்லட்டும் கேரட்டும் இரண்டு கடியில் நொறுங்கிவிடும், அரைப்பதற்கு அங்கே வேலையில்லை.

தேயாத பல் வாய்ப்பக்கம் மட்டும் நீளாது, வேர்ப்பக்கமும் நீளும். மேல்வரிசைக் கடைவாய்ப்பல்லின் வேர் மேலே தள்ளும்போது கண்ணீர் மூக்குக்கு வடியும் குழாயை நெரிக்கும். வடிய வழியில்லாத கண்ணீர் இமை தாண்டி வழியும், அதில் கிருமி சேரும், பீளையாகும். வேர் முனையில் சீழ்க்கட்டி வந்தால் கண்ணே முன்தள்ளும். கீழ்வரிசைப் பற்களோ உள்பக்கம் சாய்ந்து நாக்கின்மேல் பாலம் போல் மூடிவிடும். பசி இருக்கும், விழுங்க முடியாது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு துண்டு குடைமிளகாய் போதும். ஆசையாக ஓடி வரும், வாங்கும், தலையை ஒரு பக்கம் சாய்த்து நாலு முறை மெல்லும், பிறகு கீழே போட்டுவிடும். மறுபடி எடுக்கும், மறுபடி போடும். இப்படிச் செய்தால் பசியில்லை என்று நினைக்காதீர்கள். வாயில் வலி இருக்கிறது. முன்பல் நேராக இருப்பதைப் பார்த்துப் பல்லெல்லாம் சரி என்றும் முடிவு செய்யாதீர்கள். கடைவாய்ப்பற்களைக் கருவியில்லாமல் பார்க்க முடியாது; வேரை எக்ஸ்ரேயில்தான் பார்க்க முடியும். ஒரு கண்ணில் நீர் வடிவது இரண்டு வாரத்துக்கு மேல் நின்றபாடில்லை என்றால், தலைக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி நீங்களே கேளுங்கள்.

மற்ற காரணங்கள்

புல் குத்துவது மிகவும் சாதாரணம். உலர்புல்லுக்குள் தலையை நுழைத்துத் தின்னும் விலங்கு இது. கீழிமைக்குள் துணுக்கு தெரிந்து, அது சலைனில் (உப்புக் கரைசல்) கழுவி வெளியே வந்தால் நல்லது. கார்னியாவில் குத்தி நிற்கும் குச்சியை மட்டும் நீங்கள் இழுக்கக் கூடாது.

தொற்றில் சில வாரக் குட்டிகளுக்குக் கிளமிடியா கேவியே என்ற பாக்டீரியா வரும். இமை சிவந்து வெள்ளையாகப் பீளை தள்ளும். போர்டெட்டெல்லா கிருமி கண்ணோடு நிற்காமல் நுரையீரலுக்கும் போகும். முயலும் நாயும் எந்த அறிகுறியுமின்றி அதைச் சுமக்கும் என்பதால் முயலோடு ஒரே கூண்டில் வைக்க வேண்டாம். பீளையைத் தொட்டபின் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். கிளமிடியா கேவியே மனிதருக்கும் தொற்றக்கூடியது.

கீழிமைக்குள் பட்டாணி போல் வெளிர்ந்த புடைப்பு தெரிந்தால் அது பெரும்பாலும் கொழுப்பு. இமை மூடுவதைத் தடுக்காதவரை தொந்தரவில்லை.

கண்ணைச் சுத்தம் செய்யும் முறை

தேவையானவை 0.9 சதவீத சலைன், நூல் உதிராத காஸ் துணி, ஒரு கைத்துண்டு. பஞ்சு வேண்டாம், அதன் இழை கண்ணில் ஒட்டும். சலைன் இல்லாவிட்டால் கொதித்து ஆறிய தண்ணீர் போதும்.

துண்டால் உடம்பைச் சுற்றி, தலை மட்டும் வெளியே தெரிய, முதுகு உங்கள் வயிற்றோடு ஒட்டும்படி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். சலைன் வெதுவெதுப்பாக இருக்கட்டும். காஸ் துணியை நனைத்து மூடிய கண்மேல் இரண்டு நிமிடம் அப்படியே வையுங்கள். இங்கேதான் அவசரப்படுகிறோம். ஊறாத பீளையை உரித்தால் முடியோடு தோலும் வரும், அடுத்த முறை கைக்கே வராது. ஊறியபின் மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுப்பில் துடையுங்கள். துணியின் ஒரு பக்கத்தை ஒரு முறைதான் பயன்படுத்த வேண்டும். மற்ற கண்ணுக்கு வேறு துணி. ஒட்டிய இமை முதல் தடவையில் திறக்காவிட்டால் மறுபடி ஊறவையுங்கள், விரலால் பிரிக்க வேண்டாம். முடிவில் சுற்றியுள்ள முடியை உலரத் துடையுங்கள். நாளைக்கு இரண்டு மூன்று முறை செய்யலாம்.

மருந்தில் செய்யக் கூடாதவை

மனிதருக்கான சொட்டு மருந்துகள் பலவற்றில் டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருக்கும். கார்னியாவில் புண் இருக்கும்போது இது விழுந்தால் புண் ஆழமாகும், கண் உடையக்கூட நேரும். மருத்துவர் ஃப்ளோரசீன் சாயம் விட்டு, புண் பச்சையாக ஒளிர்கிறதா என்று பார்த்தபின்தான் ஸ்டீராய்டு தரலாமா என்று முடிவெடுப்பார்.

வாய்வழி ஆன்டிபயாட்டிக்கில் இன்னும் பெரிய ஆபத்து. பெனிசிலின், அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டமைசின், லின்கோமைசின், எரித்ரோமைசின் ஆகியவை கினிப்பன்றியின் குடலில் உள்ள நல்ல பாக்டீரியாவை அழித்து, கிளாஸ்ட்ரிடியம் என்ற கெட்ட பாக்டீரியாவைப் பெருகவிடும். அதன் நஞ்சு சில நாளில் கொல்லும். நாய்க்கும் பூனைக்கும் மட்டும் பார்த்துப் பழகிய மருத்துவரிடம் போக நேர்ந்தால், எழுதிய மருந்தின் பெயரை வாங்கிப் பார்த்து, கினிப்பன்றிக்குப் பாதுகாப்பானதா என்று தயங்காமல் கேளுங்கள்.

இரண்டு சொட்டு மருந்து எழுதியிருந்தால் இடையில் ஐந்து நிமிடம் விடுங்கள். களிம்பைக் கடைசியில் போடுங்கள்.

தினசரித் தீவனம்

உலர்புல் எப்போதும் தீராமல் இருக்க வேண்டும். சாப்பாட்டில் ஐந்தில் நான்கு பங்கு அதுவே. திமோதி, ஆர்ச்சர்ட் போன்ற புல்வகை வேண்டும். தமிழில் இதை 'வைக்கோல்' என்று எழுதிவிடுவதால் பலர் ஏமாறுகிறார்கள். வைக்கோல் கதிர் அறுத்தபின் மிஞ்சும் தண்டு. சத்தில்லை, விறைப்பாக இருப்பதால் கண்ணையும் குத்தும். உலர்புல் பச்சை நிறம் மாறாமல் இலையோடு, வாசனையோடு இருக்கும். குதிரைமசாலில் கால்சியம் அதிகம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கும் சினைக்கும் தவிர மற்றவற்றுக்கு அது சிறுநீர்ப்பையில் கல்லாகலாம்.

காய்கறி ஒரு கிலோ விலங்குக்கு நாளைக்கு 80 முதல் 100 கிராம். அதில் குடைமிளகாய் கட்டாயம், மீதி இலைகள். புரோக்கோலி வாயு சேர்க்கும், சிறு துண்டு போதும். பசலை, பார்ஸ்லி வாரம் ஒருமுறை. பழம் வாரத்துக்கு இரண்டு முறை, கட்டைவிரல் அளவு. பெல்லட் 15 முதல் 20 கிராம். விதை, உலர்பழம் கலந்ததை வாங்காதீர்கள், இனிப்பை மட்டும் பொறுக்கித் தின்னும். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, அவகாடோ, ரூபார்ப், சாக்லெட், ரொட்டி, பால் பொருட்கள் கூடவே கூடாது.

புதிய காய் எதையும் சிறிது சிறிதாக ஒரு வாரத்தில் கூட்டுங்கள். இவ்வளவு நாள் கொடுக்காத குடைமிளகாயை ஒரே நாளில் அள்ளி வைத்தால் பேதியாகும்.

சாப்பிட மறுத்தால்

முதலில் வயிற்றைத் தொடுங்கள். பலூன் போல் விறைத்திருந்தால் எதையும் ஊட்டாமல் மருத்துவரிடம் போங்கள். மிருதுவாக இருந்தால், தாவர உண்ணிகளுக்கான மீட்புத் தீவனப் பொடியையோ, தண்ணீரில் ஊறவைத்துக் குழைத்த பெல்லட்டையோ சிரிஞ்சில் கொடுங்கள். ஒரு கிலோவுக்கு நாள் முழுவதற்கும் 50 முதல் 80 மி.லி., 5 அல்லது 6 வேளையாக. சிரிஞ்சை முன்பல்லுக்குப் பின்னால் உள்ள இடைவெளியில் பக்கவாட்டாக நுழைத்து, அரை மி.லி. அளவு தள்ளி, மென்று விழுங்கும்வரை காத்திருங்கள். மல்லாக்கப் படுக்கவைத்து ஊட்டினால் மூச்சுக்குழாயில் இறங்கும்.

கூண்டு

உங்கள் முகத்தைக் கூண்டின் தரைமட்டத்துக்குக் கொண்டுபோய் மூச்சை இழுங்கள். நெடி உங்களுக்கு அடித்தால், அந்த மட்டத்திலேயே வாழும் விலங்கின் கண் ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கிறது. நனைந்த இடத்தைத் தினமும் எடுத்துவிடுங்கள், வாரம் ஒரு முறையாவது முழு விரிப்பையும் மாற்றுங்கள். பைன், சீடார் மரத்தூள் வேண்டாம். காகித விரிப்போ ஃபிளீஸ் துணியோ நல்லது. உலர்புல்லை வெளியே உதறிவிட்டு, தலைக்கு மேலே தொங்கவிடாமல் தாழ்வாக வையுங்கள்; மேலிருந்து இழுக்கும்போது தூசி நேராகக் கண்ணில் விழும்.

அடுத்த மூன்று வாரம்

எடையைத் தினமும் ஒரே நேரத்தில், காய் கொடுப்பதற்கு முன் பார்த்து எழுதுங்கள். கூடவே இரண்டு கண்ணையும் ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். மூட்டம் கூடுகிறதா குறைகிறதா என்பது நினைவில் நிற்காது, படத்தில் தெரியும். வைட்டமின் சி குறைபாடு மட்டுமே காரணம் என்றால், ஒரு கிலோ எடைக்கு 30 முதல் 50 மி.கி. அளவில் கொடுக்கத் தொடங்கிய ஒரு வாரத்தில் சுறுசுறுப்பும் பசியும் திரும்பும். இமைச் செதிலும் முடியும் தேற இன்னும் நாளாகும். அறிகுறி போனவுடன் அளவைச் சட்டென்று நிறுத்தாமல் ஒரு வாரத்தில் படிப்படியாக இறக்கி 20 மி.கி. அருகே நிறுத்துங்கள். ஒரு வாரமாகியும் எடை ஏறாமல், கண்ணும் அதே நிலையில் இருந்தால், அந்த எடைக் குறிப்பையும் படங்களையும் எடுத்துக்கொண்டு பல்லைப் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் மறுபடி போங்கள்.